காயத்துக்கும் உறுதி வேண்டும்

காணிக்கு உறுதி இல்லாதவன் நீதிமன்றத்திற் படும் பாட்டை நம் உழவர் பெருமக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பரம்பரையாக உழுத வயலாயினும் எழுத்தில் இல்லையேல் அது பிறன் வயலே. உடலிற் பட்ட காயத்துக்கும் இந்நியதி பொருந்தும் என்பதை நாம் இன்னும் உணர்ந்தோமில்லை.

சீனன்குடாவை எண்ணும்போது இக்கவலை பெரிதாகிறது. 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தையும் விமானத் தளத்தையும் தாக்கின. அன்று குறியாக இருந்தவை இன்றும் இங்கேயே உள்ளன. 2022 ஜனவரி உடன்படிக்கையிற் பங்கிடப்பட்ட 99 எண்ணெய்க் குதங்களும் இங்கேயே உள்ளன. அருகே தம்பலகாமத்து வயல்கள். வல்லரசுகள் கண்வைத்த இடத்தில் வன்முறையாளனும் கண்வையான் என்பதற்கு உத்தரவாதம் ஏது?

பயங்கரவாதிகள் அணுகுண்டை வெடித்த நிகழ்ச்சி உலகில் இதுவரை இல்லை. ஆயினும் வைத்தியசாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் பயன்படும் கதிரியக்கப் பொருளைத் திருடிச் சாதாரண வெடிமருந்தோடு சேர்த்துச் சிதறடிக்கக்கூடும் என்னும் அச்சம் உலக நாடுகளை விட்டகலவில்லை.

இக்காயத்தின் கொடுமை யாதெனில், அது தன்னை மறைத்துக்கொள்ளும். முதலில் வாந்தி, பின்னர்ச் சில நாள் சுகம் போன்ற தோற்றம், வாரங்கள் கழிந்தபின் குருதியணுக்கள் குன்றி உயிர் ஊசலாடும். 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியொன்று பழைய இரும்புக் கடைக்குப் போய் உடைபட்டது. அதிலிருந்த சீசியம் 249 பேரைத் தீண்டிற்று, நால்வர் மாண்டனர். நோயாளரை முதலிற் கண்டோர் வெப்பமண்டல நோயென்றே ஐயுற்றனர்.

சிகிச்சையின் தொடக்கம் எளியதே. உயிர் காப்பது முதல் வேலை. ஆடையைக் களைந்தாலே மேற்படிந்த நஞ்சின் பெரும்பகுதி அகலும். எஞ்சியதை நீரும் சவர்க்காரமும் போக்கும். கையுறையும் முகக்கவசமும் அணிந்த தாதி அஞ்சி விலக வேண்டியதில்லை. ஆனால் வாந்தி தொடங்கிய நேரமும், அடுத்தடுத்து எடுத்த குருதியணுக் கணக்கும் எழுதப்படாவிடின், உடல் ஏற்ற கதிரின் அளவைப் பின்னர் மதிப்பிடல் அரிது.

எழுதியதைத் தொகுப்பதற்கே குறியீடு. நம் வைத்தியசாலைகள் கையாளும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் கதிர்வீச்சின் விளைவுக்கு டி-66 என்னும் எண் உண்டு. அமெரிக்காவோ அணு ஆயுதப் பயங்கரவாதத்தால் வந்த காயத்துக்கு வை-38.5 என்று தனி எண் வகுத்துள்ளது. காயமுற்றவர் காவற் பணியாளரா, பொதுமகனா, பயங்கரவாதியா என்பதையும் அது பிரித்துக் காட்டும். ஆயினும் அந்நாட்டு மத்திய புலனாய்வுப் பணியகம் பயங்கரவாதமென அறிவித்த பின்னரே அவ்வெண்ணை இடலாம்; வெறும் ஐயம் போதாது.

இவ்விடத்திலேயே நாம் விழித்திருக்க வேண்டும். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அச்சொல்லை யார்மீது ஒட்டிற்று என்பதைத் தமிழர் அறிவர். 2006 ஜனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் மாண்டபோது, அவர்கள் கொண்டுசென்ற குண்டே வெடித்ததென்று முதலிற் சொல்லப்பட்டது. சட்ட வைத்தியப் பரிசோதனையோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டிற்று. பழியைத் துடைத்தது எது? வைத்தியர் கண்டதைக் கண்டபடி எழுதிய தாள் அன்றோ!

ஆகவே நாம் வேண்டுவன இவை. காயம் என்ன என்பதை வைத்தியர் எழுதுக. அதைச் செய்தவர் யார் என்பதை விசாரணை கூறுக. இரண்டும் ஒரே கையில் ஒரே இரவில் எழுதப்படலாகாது. பயங்கரவாதம் என்னும் சொல்லுக்காகச் சிகிச்சையோ இழப்பீடோ காத்து நிற்றலும் ஆகாது. திருகோணமலை வைத்தியசாலையில் கதிரளக்கும் கருவியும், கழுவுமிடமும், பயிற்சி பெற்ற வைத்தியரும் தாதியரும் பதிவாளரும் இருத்தல் வேண்டும். நோயாளிக்குத் தன் பதிவின் பிரதி அவன் மொழியிற் கிடைத்தல் வேண்டும்.

வயலும் மாடும் இக்கணக்கிற் சேர்க. 1957 ஒக்டோபரில் இங்கிலாந்தின் வின்ட்ஸ்கேல் அணு உலை தீப்பற்றியபோது, சுற்றுப்புறப் பண்ணைகளின் பாலை அளந்து பார்த்தே அதனைக் கொட்டச் செய்தனர். பண்ணையாளரும் இழப்பீடு பெற்றனர். அளவீடும் பதிவும் இல்லாத ஊரில் உழவன் எதைக் காட்டிக் கேட்பான்?

1945இல் ஹிரோஷிமாவிற் பெய்த கரிய மழையில் நனைந்தும், அரசு வரைந்த எல்லைக்கு வெளியே இருந்தமையால் விலக்கப்பட்ட 84 வழக்காளிகளின் உரிமையை அந்நகர் உயர் நீதிமன்றம் 2021 ஜூலையிலேயே ஏற்றது. இடையிற் கழிந்தவை 76 ஆண்டுகள்! ஒரு மனிதனின் முழு ஆயுள் அது. அத்தனை காலம் காத்திருக்க நம் மக்களுக்கு வலுவில்லை. ஆபத்து வருமுன் பதிவேட்டைத் திறந்து வைப்பதே அரசின் கடன். அதைக் கேட்டுப் பெறுவது நம் கடன்.