திரளில் தொலையும் பெயர்கள்

பெங்களூரு மல்லேஸ்வரத்தின் முதன்மைச் சாலைகளில் இரண்டு, மரங்களின் பெயரைத் தாங்கியவை. ஒன்று சம்பிகே சாலை. சண்பகத்தின் கன்னடப் பெயர் அது. மற்றொன்று மார்கோசா சாலை. வேம்புக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயர். அப்பகுதிக்கே பெயர் தந்த கோயிலின் இறைவன் காடு மல்லேஸ்வரர். பதினெட்டாம் குறுக்குத் தெருவில் கர்நாடக வனத்துறையின் தலைமையகமான அரண்ய பவனும், மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் அமைந்துள்ளன. அங்கிருந்து சற்றுத் தொலைவில் இந்திய அறிவியல் கழகம். மரத்தைக் காடாகவும் பலகையாகவும் எரிபொருளாகவும் நோக்கும் மூன்று அறிவு மரபுகள், நடந்தே கடக்கக்கூடிய தொலைவுக்குள் வாழ்கின்றன.

மரங்கள் தத்தம் பெயரால் அறியப்படும் இவ்விடத்திலிருந்து பார்த்தால், 'உயிரித்திரள்' என்னும் கலைச்சொல்லின் குறை எளிதில் புலப்படும். எரிபொருளுக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. சுள்ளி பொறுக்கப்படும், விறகு வெட்டப்படும், சருகு கூட்டி அள்ளப்படும், வறட்டி தட்டப்படும். உமி, கரும்புச்சக்கை, பருத்திமார், தென்னை மட்டை எனப் பட்டியல் நீளும். இவ்வினைகளே ஒரு கணக்கைச் சொல்லிவிடுகின்றன. பொறுக்கும்போது மரம் உயிரோடு நிற்கிறது. வெட்டும்போது நிற்பது உறுதியில்லை. 'உயிரித்திரள்' என்பதற்கு உரிய வினையோ ஒன்றுதான்: நிறுத்தல். எம்மரம், எந்நிலம், எவர் கை என்பவை எல்லாம் டன் கணக்கில் கரைந்துவிடுகின்றன.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பெயர் அழிந்த இடத்தில் நிலமும் அழிந்ததற்கு வரலாறு உண்டு. தைல மரத்தைக் கன்னடம் 'நீலகிரி' என்றே வழங்குகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் பெயர் வாய்த்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உதகமண்டலத்தில் குடியேறியோரின் விறகுத் தேவைக்காகச் சோலைகள் வெட்டப்பட்டன. அவை குறையத் தொடங்கியதும், விரைந்து வளரும் தைல மரமும் சீகை மரமும் புல்வெளிகளில் நடப்பட்டன. மரமற்ற நிலம் வெற்று நிலம் என்ற கருத்து அம்முயற்சிக்குத் துணைநின்றது. மழையை உள்வாங்கி ஓடைகளுக்கு மெல்ல விடுவதும், வரையாடு மேய்வதும் அப்புல்வெளியில்தான் என்பது கணக்கில் சேரவில்லை. பழனி மலையிலும் இதுவே நிகழ்ந்தது. மரத் தோட்டங்களாலும் வேளாண்மையாலும் அங்கே நாற்பதாண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததாக 2018இல் வெளியான ஆய்வு காட்டுகிறது.

கர்நாடகச் சமவெளியும் இப்பாடத்தைக் கற்றது. 1984இல் அரசும் ஹரிஹர் பாலிஃபைபர்ஸ் நிறுவனமும் இணைந்து கர்நாடக பல்ப்வுட்ஸ் லிமிடெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கின. தரம் குறைந்தவை என வகைப்படுத்தப்பட்ட சுமார் 30,000 ஹெக்டேர் பொது நிலம் தைல மரத்துக்கென ஒதுக்கப்பட்டது. அவற்றில் ஆடு மாடு மேய்த்தும் சுள்ளி பொறுக்கியும் வந்த சிற்றூர்கள் எதிர்த்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. எழுத்தாளர் சிவராம காரந்த் மனுதாரருள் ஒருவர். 1987 நவம்பர் 14 அன்று குசனூரில் மக்கள் தைலக் கன்றுகளைப் பிடுங்கிவிட்டு, தங்களுக்குப் பயன்படும் கன்றுகளை நட்டனர். 1991இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. அம்மரங்கள் மின்சாரத்துக்காக அன்று, மரக்கூழுக்காகவே நடப்பட்டன என்பது உண்மை. எனினும், 'தரிசு' என்ற ஒரு சொல் பொது நிலத்தை எவ்வாறு மூலப்பொருள் கிடங்காக மாற்றுகிறது என்பதை அந்நிகழ்வு இன்றும் விளக்குகிறது.

அவ்வாறாயின் உயிரித்திரள் ஆற்றலே வேண்டாமா? அம்முடிவுக்கு விரைவதும் பிழையே. இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் அமுல்ய ரெட்டியின் முயற்சியால் உருவான அஸ்த்ரா மையம், புகை குறைந்த அடுப்பையும் சாண எரிவாயுவையும் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றது. தும்கூர் மாவட்டத்தின் ஹொசஹள்ளியில் 1988இல் நிறுவப்பட்ட மரவாயுக் கலன், விளக்குக்கும் குடிநீருக்கும் மாவரைக்கவும் மின்சாரம் தந்தது. அதற்கான விறகு ஊருக்கென வளர்த்த சில ஹெக்டேர் காட்டிலிருந்து வந்தது. தேவையின் அளவும் நிலத்தின் எல்லையும் ஒரே ஊரின் கண்முன் இருந்தன.

சிக்கல், தேவை ஓரிடத்திலும் நிலம் வேறிடத்திலுமாகப் பிரியும்போது எழுகிறது. இங்கிலாந்தின் டிராக்ஸ் மின்நிலையத்தில் எரியும் மரத்துண்டுகளில் பெரும்பகுதி வட அமெரிக்கக் காடுகளிலிருந்து வருகிறது. பன்னாட்டுக் கணக்கு முறைப்படி அக்கரியமில வாயு மரம் வெட்டப்பட்ட நாட்டின் நிலக் கணக்கில் சேர வேண்டும். எரிக்கும் நாட்டின் எரிசக்திக் கணக்கில் அது சுழியம். ஓரலகு மின்சாரத்துக்கு விறகு வெளியிடும் கரியமில வாயு நிலக்கரியினதைவிடக் குறைந்ததன்று. ஒரு மரம் எரிய மணிக்கணக்கு போதும். அது மீண்டும் வளரப் பல்லாண்டுகள் வேண்டும். 'புதுப்பிக்கத்தக்கது' என்ற அடைமொழி இந்தக் கால இடைவெளியை மறைத்துவிடுகிறது.

இந்தியாவில் அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5% அளவுக்கு, பெரும்பாலும் பயிர்க்கழிவாலான வில்லைகளைக் கலந்து எரிக்க வேண்டும் என 2021இல் மத்திய மின்துறை அமைச்சகம் நெறி வகுத்தது. வயலில் வீணே எரியும் வைக்கோலுக்கு அது நல்வழியே. ஆனால் 'கழிவு' என்ற சொல்லையும் ஆராய வேண்டும். கர்நாடக உழவருக்குக் கேழ்வரகுத் தாள் மாட்டுத் தீவனம். மண்ணுக்கு அடித்தாள் உணவு.

சீமைக்கருவேல் இன்னும் கடினமான வினாவை எழுப்புகிறது. ராமநாதபுரத்தில் அது கரிமூட்டம் போடுவோரின் பிழைப்பு. நீர்நிலைகளிலோ அது களை. அதை வெட்டி மின்சாரம் எடுப்பது இரு நன்மைகளை ஒருங்கே தருவதாகத் தோன்றும். ஆயினும் மின்நிலையம் பல்லாண்டுகளுக்கென முதலிட்டுக் கட்டப்படுவது. களையை எரிபொருளாக நம்பியிருக்கும் ஆலைக்கு அக்களை ஒழியாதிருப்பதே ஆதாயம். ஒழிப்புத் திட்டமா, அறுவடைத் திட்டமா என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கி, அழித்த நிலத்தில் அடுத்து என்ன வளரும் என்பதையும் அப்போதே எழுதிவைத்தல் வேண்டும்.

ஆய்வுலகம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உயிரித்திரளைப் பற்றிய ஒவ்வோர் ஆய்விலும் கிடைப்பளவு என்ற ஒற்றை எண்ணோடு மூன்று விவரங்களைச் சேர்க்கலாம்: எந்தச் செடி அல்லது மரம், எந்த நிலம், இதுவரை அதைப் பயன்படுத்தியவர் யார். மூன்றாம் விவரத்தில் மனிதரோடு மாடும் மண்புழுவும் அடங்கும். இவற்றுக்கு விடையுள்ள டன் மட்டுமே 'புதுப்பிக்கத்தக்கது' என்ற பெயருக்கு உரியது. சாலைக்குச் சண்பகத்தின் பெயரைச் சூட்டத் தெரிந்த சமூகத்துக்கு, உலையில் எரிவதன் பெயரைக் கேட்டறிவது அரிய செயலன்று.