பிரபுவைத் தேடுகிறவர்கள்

ஆங்கில நாட்டார் கதைப்பாடல்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அந்தப் பிரபு நிஜத்தில் யார்?" என்று ஒருவர் கேட்டுவிடுகிறார். 'லார்ட் பேட்மன்' பாடலுக்குத் தயாராக ஒரு பதிலும் உண்டு: கில்பர்ட் பெக்கெட். 1170இல் கான்டர்பரி தேவாலயத்தில் வெட்டிக் கொல்லப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் தந்தை. இந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

பாடலில், கடல் கடந்து போன பேட்மன் துருக்கியில் சிறைப்படுகிறான். சிறைவைத்தவனின் மகள் அவனை விடுவிக்கிறாள். ஏழாண்டு காத்திருப்பதாக இருவரும் வாக்குக் கொடுக்கிறார்கள். கெடு முடிந்து அவள் கப்பலேறி வந்து அவன் வாசலில் நிற்கிறாள். உள்ளே அவனுக்கு வேறொருத்தியோடு கல்யாணம். அவன் மணப்பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தவளை ஏற்கிறான்.

கில்பர்ட்டைப் பற்றியும் இப்படியொரு கதை உண்டு. அதிலும் சிறை, அதிலும் அந்நியப் பெண். அவள் 'லண்டன்', 'பெக்கெட்' என்ற இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு அவனைத் தேடி வந்துசேர்கிறாள். ஆனால் அசல் கில்பர்ட் பிரபுவே அல்ல. நார்மண்டியிலிருந்து வந்து லண்டனில் குடியேறிய வணிகர். அவர் மனைவியும் நார்மன் பெண்தான். மகன் 1173இல் புனிதராக்கப்பட்டு, புகழ் பரவிய பின் ஒட்டவைத்த கதை இது. 305 கதைப்பாடல்களைத் தொகுத்து இதற்கு 53ஆம் எண் கொடுத்த பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டும், பெக்கெட் கதையின் சாயல் பாடலில் படிந்திருக்கலாம் என்றாரே தவிர, பாடல் அதிலிருந்து பிறந்தது என்று சொல்லவில்லை. இதே கதை ஸ்காண்டிநேவியாவிலும் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பாடப்பட்டிருக்கிறது.

நான் தரவுத்தளங்களோடு மாரடிப்பவன். பெயர் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது என்பதற்காக இரண்டு வாடிக்கையாளர் பதிவுகளை ஒன்றாக்கினால் என்ன விபரீதம் நடக்கும் என்பது தெரியும். பீச்சன், பீக்கி, பேட்மன் என்று பிரதிக்குப் பிரதி மாறும் பெயரைப் பெக்கெட்டோடு முடிச்சுப் போடுவதும் அதே பிழைதான்.

பிழையைவிட எனக்கு உறுத்துவது வேறு. எல்லோரும் பிரபுவின் பிறப்புச் சான்றிதழைத் தேடுகிறார்கள். ஒரு பிரதியில் சோபியா, இன்னொன்றில் சூசன் பை என்று அழைக்கப்படும் அவள் யாரென்று கேட்பாரில்லை. பாடலில் கதவைத் திறந்ததும், கடலைக் கடந்ததும், சொன்ன சொல்லைக் காத்ததும் அவள்தானே?

அந்த இரண்டு சொற்கள் வரலாறு அல்ல. ஆனாலும் அதைக் கட்டிச் சொன்னவருக்குக் குடிபெயர்வது என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. ஓர் ஊரின் பெயர், ஓர் ஆளின் பெயர். நம் அம்மாக்களில் எத்தனை பேர் அவ்வளவு ஆங்கிலத்தோடு விமானம் ஏறினார்கள்! பிரபுவை விடுங்கள், அவர்களிடம் கேளுங்கள்.