நாடி சொல்லாததைக் கணக்கு சொல்லும்!

"ஏனுங்க வைத்தியரே, மருமகளுக்கு நாடி பாத்து, வயித்துப் புள்ள நல்லா இருக்குதுங்களான்னு சொல்லிப்போடுங்க. ஸ்கேனெல்லாம் எதுக்குங்க?"

புதுச்சத்திரத்தில் என்னிடம் வந்த ஒரு மாமியார் கேட்டது இது. மருமகளுக்கு ஏழாம் மாதம். முகமெல்லாம் வீக்கம். ரத்த அழுத்தம் 150/100.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாடி படித்தவன் நான். ஆனாலும் உள்ளதைச் சொன்னேன். "கையில் ஓடுகிற நாடி தாயோடதுங்கம்மா. நஞ்சுக்குள்ள ஓடுற ஓட்டத்தை அது சொல்லாதுங்க."

தாயின் ரத்தம் பிள்ளையின் உடம்புக்குள் நேராக ஓடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய சுவர். அதைக் கடந்துதான் பிராணவாயுவும் சத்தும் போகின்றன. கர்ப்பம் இல்லாதபோது நிமிஷத்துக்கு 50 மி.லி. போல ரத்தம் பெறும் கருப்பை, நிறைமாதத்தில் அரை லிட்டருக்கு மேல் பெறுகிறது. அதற்குக் கருப்பையின் நுண்குழாய்கள் நன்றாக விரிய வேண்டும்.

விரியாவிட்டால்? பிரான்ஸ் நாட்டு மருத்துவர் புவாஸே 1840-களில் ஒரு கணக்குச் சொன்னார். மெல்லிய குழாயின் அகலம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பாதியாகாது. பதினாறில் ஒரு பங்காகிவிடும்! கர்ப்பகால ரத்தக்கொதிப்பில் பலருக்கு இந்தக் குழாய்கள் சரியாக விரிவதில்லை.

இதை வெளியிலிருந்தே அறிய உதவுவது டாப்ளர் ஸ்கேன். தொப்புள்கொடியில் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கிறது. அதிக வேகத்திலிருந்து குறைந்த வேகத்தைக் கழித்து, சராசரியால் வகுத்தால் ஓர் எண் வரும். எண் கூடினால் நஞ்சில் தடை கூடுகிறது என்று அர்த்தம். பிள்ளையின் இதயம் ஓய்கிற நொடியிலும் ரத்தம் முன்னோக்கி ஓட வேண்டும். அது நின்றாலோ, திரும்பி ஓடினாலோ ஆபத்து. பிரசவத்தை எப்போது பார்ப்பது என்று டாக்டர் முடிவு செய்ய இதுவும் கை கொடுக்கிறது.

எல்லாக் கர்ப்பிணிக்கும் டாப்ளர் வேண்டியதில்லை. ரத்தக்கொதிப்பு, பிள்ளை வளர்ச்சிக் குறைவு போன்றவை இருந்தால் அவசியம்.

என் சக வைத்தியர்களுக்கு ஒரு வார்த்தை: "நாடியிலேயே பிள்ளையைப் பார்த்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். கொதிப்பும் வீக்கமுமாக வருகிறவளைக் கஷாயம் கொடுத்து நிறுத்தி வைப்பது வைத்தியமல்ல. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் வைத்தியம்.

அந்த மாமியாரையும் மருமகளையும் அப்படித்தான் நாமக்கல்லுக்கு பஸ் ஏற்றிவிட்டேன். பிள்ளை முன்கூட்டியே பிறந்தது, எடை குறைவுதான். இன்று வைத்தியசாலைத் திண்ணையில் தவழ்கிறது.