பூட்டிய வீடும் பட்டா நோட்டும்

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் போலீசுக்கும் ஊருக்கும் நடுவே பல காலமாக நடந்துவரும் எழுத்துப் போக்குவரத்து பட்டா நோட்டுதான். வங்கி வாசல், நகைக்கடை ஷட்டர், கோயில் மதில், ஏடிஎம் என்று இரவு ரோந்துக் காவலர் கட்டாயம் போய் நிற்க வேண்டிய இடங்களில் அது தொங்கும். மழையில் நனையாமல் இருக்கப் பாலித்தீன் உறையில் போட்டு, கேட்டுக் கம்பியில் சணலால் கட்டி வைத்திருப்பார்கள். இரவு 1.40 மணிக்கு வரும் காவலர் வண்டியை அணைக்காமல், முகப்பு விளக்கு வெளிச்சத்திலேயே நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பட்டா நோட்டுக்குப் போவார். காலையில் கடையைத் திறப்பவர் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த நோட்டைத்தான். இன்ஸ்பெக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் அவர் பார்ப்பதும் அதையே.

இதில் ஏமாற்று வேலையும் உண்டு. மூன்று மணி நேரத்துக் கையெழுத்தை ஒரே நிற்பில் போட்டுவிட்டுப் போவது பழைய வித்தை. ஒரே பேனா, ஒரே சாய்வு; பார்த்தவுடன் தெரிந்துவிடும். இதைத் தடுக்கத்தான் பல ஊர்களில் நோட்டின் இடத்தில் க்யூஆர் குறியீடு ஒட்டினார்கள். காவலர் அந்த இடத்துக்கே வந்து செல்போனால் ஸ்கேன் செய்தால்தான் பதிவாகும். ஏமாற்று குறைந்தது உண்மை. ஆனால் இன்னொன்றும் குறைந்தது. நோட்டு கடைக்காரருக்கும் அதிகாரிக்கும் ஒரே சமயத்தில் பதில் சொன்னது. ஸ்கேன் மேலே இருப்பவருக்கு மட்டும்தான் பதில் சொல்கிறது. நேற்று இரவு போலீஸ் வந்ததா என்று கடைக்காரர் இனி யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டாவின் நீட்சி, பூட்டிய வீட்டுக் கண்காணிப்பு. குலதெய்வக் கோயிலுக்கோ, மகள் வீட்டுக்கோ பத்து நாள் போகிறவர்கள் நிலையத்தில் முகவரியும் தேதியும் எழுதிக் கொடுத்தால், அந்த வீடும் இரவு ரோந்தில் சேர்ந்துவிடும். செலவில்லாத ஏற்பாடு, ஆனாலும் இதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. வீடு பூட்டிக் கிடப்பதை போலீஸ் நிலையத்தில் போய்ச் சொல்லத் தயங்குகிறவர்கள், அதையே எதிர்வீட்டிலும் டீக்கடையிலும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். இந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்பது மக்கள் தொடர்புக் கூட்டங்களில் பேசப்படுவதில்லை.

அது பிறக்கும் இடம் பெரும்பாலும் ரைட்டர் மேசை. நிலையத்துக்குத் தலைமை இன்ஸ்பெக்டர்தான். ஆனால் மனுவோடு வருகிறவருக்கு நிலையம் என்பது ரைட்டரும் வாசலில் பாரா நிற்கும் காவலரும்தான். இப்போது பல நிலையங்களில் வரவேற்பாளர் மேசையும் இருக்கிறது. காணாமல் போன செல்போன், வரப்புத் தகராறு, கைமாற்றுக் கடன், குடித்துவிட்டு அடிக்கும் கணவன் என்று எது வந்தாலும் மனுவை வாங்கி, எண் போட்டு, ரசீது தர வேண்டும். அதற்குப் பெயர் சி.எஸ்.ஆர். விரித்தால் சமுதாய சேவைப் பதிவேடு. பெயரிலேயே சேவை இருப்பது யாருக்கும் நினைவில் இல்லை. ‘சி.எஸ்.ஆர். போட்டுட்டாங்களா’ என்பதுதான் ஊர்ப் பேச்சு. அந்தத் துண்டுச் சீட்டு கையில் இருந்தால் அடுத்த வாரம் போய்க் கேட்க முடியும், டி.எஸ்.பி.யிடமும் எஸ்.பி.யின் மனு நாளிலும் நீட்ட முடியும். சீட்டு இல்லாமல் திரும்பியவர் போலீசுக்குப் போகவே இல்லை என்றுதான் கணக்கு.

இதே சீட்டு தட்டிக்கழிக்கவும் உதவுகிறது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியுடன் 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்த அது இடம் தருகிறது. எந்த நிலையத்திலும் புகார் தரலாம், எல்லை வேறு என்று விரட்டக் கூடாது, எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அங்கே இருக்கிறது. நகை பறிபோனவருக்கும் சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்து அனுப்பினால் அந்த ஊரின் குற்றப் புள்ளிவிவரம் அழகாக இருக்கும். விழிப்புணர்வு நோட்டீஸ் அச்சடிக்கும் நிலையங்கள் இந்தப் பிரிவை அதில் சேர்ப்பது அபூர்வம்.

சிறு நகரப் போலீஸ் தொடர்பு வேலையில் உண்மையில் உயிர் காப்பது, மேடையும் மைக்கும் இல்லாத ஒன்று: திருவிழாவுக்கு முந்தைய சமாதானக் கூட்டம். தாலுகா அலுவலகத்தில் தாசில்தார், டி.எஸ்.பி., இன்ஸ்பெக்டர், இரு தரப்புப் பெரியவர்கள் உட்காருவார்கள். தேர் எந்தத் தெரு வழியாகப் போகும், மேளம் எந்த முக்கில் நிற்கும், முதல் மரியாதை யாருக்கு, பிளெக்ஸ் எங்கே வைக்கக் கூடாது என்று மணிக்கணக்கில் பேச்சு நடக்கும். நடுவில் ஒரு தரப்பு எழுந்து போகும். தாழ்வாரத்தில் ஏட்டு ஒருவர் சமாதானம் சொல்லி உள்ளே கூட்டிவருவார். எந்தத் தெருவில் யார் பேச்சை இளைஞர்கள் கேட்பார்கள் என்று தெரிந்து வைத்திருப்பவர் பெரும்பாலும் நிலையத்தின் தனிப்பிரிவு ஏட்டுதான். முடிவில் எழுதி, படித்துக் காட்டி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். கலவரம் நடக்காத ஆண்டில் அந்தத் தாளை யாரும் தேடுவதில்லை.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இது ஆண்டுதோறும் வரும் வேலை. செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள்; அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. 1957 முதுகுளத்தூர் கலவரத்தின் நினைவு இரண்டுக்கும் பின்னால் இருக்கிறது. வாகனங்கள் வரும் வழி முதல் அஞ்சலி செலுத்தும் நேரம் வரை முன்கூட்டியே பேசி வைக்கப்படும்; வெளி மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் பந்தோபஸ்துக்கு ஆட்கள் வருவார்கள். 2011 செப்டம்பர் 11இல் பரமக்குடியில் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அந்த நாளுக்குப் பிறகு அங்கே போலீஸ் நடத்தும் எந்தப் பேச்சுவார்த்தையிலும் அதுவும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பள்ளிகளில் நடப்பவை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றே: போதைப் பொருள் எதிர்ப்பு உறுதிமொழி, குழந்தைகளுக்கான 1098, போக்சோ பற்றி மகளிர் காவல் நிலையத்து எஸ்.ஐ. பேசும் அரைமணி நேரம், ஹெல்மெட் பேரணி. பேரணியில் பாதிப் பேர் அன்றைக்கு மட்டும் ஹெல்மெட் போடுகிறவர்கள். அண்மையில் கூடுதலாகச் சொல்லப்படும் எண் 1930, இணையப் பண மோசடிக்கானது. பணம் போன முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அழைத்தால் அது அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. ஏமாந்ததை மகனிடம் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் தள்ளினால் அவ்வளவுதான்.

கண்காணிப்புக் கேமரா தனிக் கதை. சிறு நகரங்களில் பேருந்து நிலையம், கடைவீதி, ஊர் எல்லை ஆகிய இடங்களில் இருக்கும் கேமராக்களில் பல, வணிகர் சங்கத்திடமும் கல்யாண மண்டப உரிமையாளரிடமும் நன்கொடை கேட்டு வைத்தவை. திறப்பு விழாவுக்கு எஸ்.பி. வருவார். பராமரிக்கப் பணம் யார் தருவது என்பது மட்டும் பேசப்பட்டிருக்காது. அடுத்த ஐப்பசி மழையில் சிலது கண்ணை மூடும். சிலது வேப்பங்கிளையைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும். திருட்டு நடந்த மறுநாள் போலீஸ் போய் நிற்பது பெரும்பாலும் மருந்துக் கடைக்காரர் சொந்தக் காசில் வைத்த கேமராவின் முன்னால்தான்.

மக்களையே காவலில் சேர்த்துக்கொள்ளும் யோசனையும் ஒரு சிறு நகரத்தில்தான் தொடங்கியது. 1991இல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் படுகாயமடைந்து பிழைத்த பிரதீப் வி. பிலிப், ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்தபோது 1993இல் ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்பைத் தொடங்கினார். போலீசுக்குத் துப்பு சொல்பவன் என்றால் ஊரில் அவனை உளவாளி என்பார்கள். அந்த வேலையை ஒளிவுமறைவின்றி, கௌரவத்தோடு செய்ய வைப்பது அதன் நோக்கம். வழக்கு ஏதும் இல்லாதவர்களாகப் பார்த்துச் சேர்த்தார்கள். ரோந்துக்கும் போக்குவரத்துக்கும் கூட்ட நெரிசலுக்கும் அவர்கள் துணை நின்றார்கள். திட்டம் மாநிலம் முழுவதும் பரவியது. 2002இல் போலீஸ் பயிற்சியில் புதுமைக்கான பிரிட்டிஷ் அரசியின் விருதும் கிடைத்தது.

இதோடு ஒப்பிட்டால், ஊர்க்காவல் படைக்கு 1963ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சீருடையும் படியும் இருக்கின்றன. தவறினால் நடவடிக்கை எடுக்க வழி இருக்கிறது. போலீசின் நண்பருக்கு அடையாள அட்டை இருந்தது. தனிச் சட்டம் இருக்கவில்லை. யார், எந்த நாள், எந்த வேலைக்குப் போனார், யார் அனுப்பினார் என்று ஊர் பார்க்கக்கூடிய ஒரு நோட்டும் இருக்கவில்லை. நல்ல இன்ஸ்பெக்டர் இருந்த இடத்தில் அது உதவிக் கரமாக இருந்தது. மற்ற இடத்தில் லத்தி பிடிக்க ஆசைப்பட்டவர்களுக்கு வாசலாக மாறியது. கொரோனா ஊரடங்கில் இந்த வேறுபாடு தெருவிலேயே தெரிந்தது.

2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையையும் மகனையும் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 22, 23 தேதிகளில் இருவரும் இறந்தனர். கொண்டுபோன இரவு நிலையத்தில் போலீசின் நண்பர்களும் இருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் தமிழ்நாடு அரசு அந்த அமைப்பையே தடை செய்தது. 27 ஆண்டுத் திட்டம் ஒரு வாரச் சீற்றத்தில் போனதாகச் சொல்வோர் உண்டு. அந்த 27 ஆண்டில் அதற்கு ஒரு சட்டம் எழுதப்படாததுதான் கேட்க வேண்டிய கேள்வி.

விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் நிலையத்துக் கேமரா பதிவைக் கேட்டார். வன்தட்டில் இடம் இருந்தும், ஒவ்வொரு நாளும் தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்ததாக அவர் அறிக்கை சொன்னது. ஊர்க் கேமராவுக்கு நன்கொடை கேட்கும் துறையின் சொந்தக் கேமரா அப்படி இருந்தது. நடந்ததைச் சாட்சியாகச் சொன்னவர் அதே நிலையத்தில் வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தடயங்கள் அழியாமல் இருக்க அந்த நிலையத்தை வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்கச் சொன்னது.

அதே ஆண்டு டிசம்பர் 2இல், பரம்வீர் சிங் சைனி வழக்கில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் வாசல், லாக்கப், தாழ்வாரம் உட்படக் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்னொன்றும் அதில் இருந்தது: இங்கே கேமரா இருக்கிறது, உரிமை மீறப்பட்டால் மனித உரிமை ஆணையத்தில் புகார் தரலாம், பதிவைப் பாதுகாத்து வைக்கக் கோரலாம் என்று உள்ளூர் மொழியில் பெரிய எழுத்தில் நிலைய வாசலிலும் உள்ளேயும் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். அதற்கு வணிகர் சங்க நன்கொடை வேண்டியதில்லை. ஹெல்மெட் பலகைக்கும் 1930 பலகைக்கும் பக்கத்தில் அந்தப் பலகை இருக்கிறதா என்று, பூட்டிய வீட்டு முகவரி எழுதிக் கொடுக்கப் போகிறவர் நிமிர்ந்தால் பார்த்துவிடலாம்.