வறுத்தால் போய்விடும் என்னும் பிரமை

டொரொன்டோ மாநகரின் கிழக்கே, மார்க்கம் வீதியும் எல்ஸ்மியர் வீதியும் சந்திக்கும் வோபர்ன் வட்டாரத்தில் வாழும் நம்மவர் சமையலறைகளில், ஊரிலிருந்து பயணப்பெட்டியில் வந்த மிளகாய்த்தூளோ கச்சான் என்னும் நிலக்கடலையோ இல்லாத வீட்டைக் காண்பது அருமை. சென்ற மாரியில் உறவினர் வீடொன்றில், சாம்பல் நிறம் படர்ந்த கச்சானைத் துணியால் துடைத்துத் தாச்சியிலிட்டு வறுத்துக்கொண்டிருந்த மூதாட்டியை நான் தடுக்க முயன்றபோது, "நெருப்புப் பட்டால் பூஞ்சணம் எங்கை தம்பி நிக்கப் போகுது? சும்மா பயப்பிடாதை" என்று அன்போடு கூறி, அதில் ஒரு பிடியைப் பேரப்பிள்ளையின் கையிலும் வைத்தார். அவருடைய அன்பில் குறையில்லை. கற்றோரும் கல்லாதோரும் ஒருங்கே கொண்டிருக்கும் அந்த அபிப்பிராயத்தையே நான் கண்டிக்கிறேன்.

அக்கினி பூஞ்சணத்தைக் கொல்லும் என்பது மெய்யே. ஆனால் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சணம் சுரந்து வைத்துவிட்டுப்போகும் அஃப்ளடாக்சின் என்ற விஷம், பூஞ்சணம் மடிந்த பின்னும் பருப்புக்குள்ளேயே தங்கிவிடுவது. அதன் கொடிய வகையாகிய பி1 உருகிச் சிதைவதற்கு ஏறத்தாழ 268 பாகை செல்சியஸ் வேண்டியிருக்க, கச்சானைக் கரியாக்காமல் அவ்வளவு சூடேற்ற எந்தத் தாச்சியாலும் இயலாது. வறுப்பதால் ஒரு பங்கு குறையும். எஞ்சியது எவ்வளவு என்பதை வாசனை சொல்லாது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு. எண்ணெய் பிழிந்தெடுத்த பின்பும் விஷம் அதிலே குடியிருந்தது.

கண்ணுக்கு நன்றாயிருப்பது நல்லதே என்பது இதன் உடன்பிறப்பான நம்பிக்கை. 2021-இல் இலங்கைக்கு இறக்குமதியான தேங்காயெண்ணெயில் இவ்விஷம் இருப்பதைக் காட்டியது பரிசோதனையே; அதைக் கண்டுபிடிக்கும் வல்லமை எந்த வாடிக்கையாளரின் கண்ணுக்கும் நாக்குக்கும் இல்லை. கனடாவில் கொட்டைப் பருப்புகளுக்கு விதிக்கப்பட்ட எல்லை ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது நூறு கோடிப் பங்கில் 15 பங்கு. இத்தனை நுண்ணிய அளவை அறிவதற்கு, அரைத்த மாவிலிருந்து மெத்தனாலும் நீரும் கலந்த திரவத்தால் விஷத்தைப் பிரித்தெடுத்து, புற ஊதா ஒளியில் அது வீசும் ஒளிர்வைக் கருவியால் அளக்கிறார்கள். நீலமாய் ஒளிர்வது பி வகை, பச்சையாய் ஒளிர்வது ஜி வகை. அதனினும் கடினம் மாதிரி எடுப்பது. ஆயிரக்கணக்கான பருப்புகளில் ஒன்றிரண்டே விஷமேறி, மூட்டை முழுவதையும் எல்லைக்கு மேலே தள்ளிவிடக்கூடுமாதலால், ஒரு பிடியைச் சோதித்து எதையும் தீர்மானிக்க முடியாது. கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவு விதிமுறை, உடைத்த நிலக்கடலைக்கு 20 கிலோ மாதிரி கேட்பது அதனாலேதான்.

"நம் முன்னோர் இதைத்தானே உண்டு நெடுநாள் வாழ்ந்தார்கள்" என்பார் பலர். வாழ்ந்தோரை நாம் எண்ணுகிறோம். ஈரல் நோயால் ஐம்பதிலே மறைந்தோரின் மரணத்துக்கு விதியென்று பெயரிட்டுவிட்டோம். மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் முதல் வகுப்பிலே வைத்த பதார்த்தம் இது. ஹெபடைடிஸ் பி கிருமியைத் தாங்கிய உடம்பில் இதன் தீங்கு பன்மடங்கு பெருகுகிறது. முன்னோர் வழக்கத்தில் மெய்யாகவே போற்றத் தக்கது வேறொன்று உண்டு: அறுவடை செய்தவுடன், பூஞ்சணம் பிடிக்குமுன், ஈரம் போக வெயிலில் காயவைத்தார்கள், சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கி எறிந்தார்கள். விஷம் ஏறிய பின்னர் அதே வெயிலில் பரப்புவதை அவர்களுடைய ஞானத்தோடு சேர்ப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

கடைச் சரக்கையாவது அரசாங்கம் இடையிடையே சோதிக்கிறது. பயணப்பெட்டியில் வரும் மிளகாய்த்தூளையும் கச்சானையும் யார் அளக்கிறார்கள்? கோயில் திருவிழாவுக்கும் ஊர்ச் சங்க ஒன்றுகூடலுக்கும் தாராளமாய்ப் பணம் சேர்க்கும் நாம், ஆண்டுக்கொருமுறை வீடு வீடாய்த் தூளும் கச்சானும் திரட்டி, அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடமொன்றில் அளப்பித்து, கிடைத்த எண்களை மண்டபத்தில் எல்லாரும் வாசிக்க எழுதி ஒட்டலாம். அதுவரையில், சாம்பல் படர்ந்த கச்சானைத் துடைக்க வேண்டாம், பெரியம்மா, பையோடு எறிந்துவிடுங்கள்.