குடியேறிகளின் கை

கி.மு. 4000. திரை முழுவதும் இருள். நடுவில் ஒரு சிறு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் நிலம் தேடி நிற்கும் ஒரு குடியேறிக் கூட்டம். சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் வடிவமைத்து 1991இல் வெளிவந்த ‘சிவிலைசேஷன்’ கணினி விளையாட்டு இப்படித்தான் தொடங்கும். அந்தக் கூட்டம் ஊர் அமைக்கும், வாய்க்கால் வெட்டும், பாதை போடும். ஆறாயிரம் ஆண்டுகள் சில இரவுகளில் கடந்துபோகும். இருப்புப்பாதையும் தொழிற்சாலையும் வந்து நகரம் செழித்திருக்கும் ஒரு நாளில், அதைச் சுற்றியுள்ள வயற்கட்டங்களில் ஒன்றின்மேல் மாசின் குறி விழும். அங்கே விளைச்சல் குன்றும். துடைக்க யாரை அனுப்புவது? அதற்கென்று தனியாக ஆள் கிடையாது. ஆதியில் வாய்க்கால் வெட்டிய அதே குடியேறிகளைத்தான் அனுப்ப வேண்டும். ஊரை உண்டாக்கிய கைதான் அதன் அழுக்கையும் அள்ள வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டை வடிவமைப்பாளர்கள் வசதிக்காகச் செய்திருக்கலாம். ஆனால் அந்த விளையாட்டின் மிக ஆழமான சிந்தனை அதுவே என்று இத்தனை ஆண்டுகளுக்குப் பின் எனக்குத் தோன்றுகிறது.

அது வெளிவந்த காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். செர்னோபில் அணு உலை வெடித்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. விளையாட்டிலும், மக்கள் கொந்தளித்து ஒழுங்கு குலைந்த நகரத்தில் அணுமின் நிலையம் இருந்தால் அது உருகிவிடும் ஆபத்து உண்டு. ஐ.நா.வின் பருவநிலைக் குழு தன் முதல் அறிக்கையை 1990இல் அளித்திருந்தது. ரியோ மாநாடு 1992இல் கூடவிருந்தது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே, பிள்ளைகளும் இளைஞர்களும் அமர்ந்த மேசைகளில் புவி வெப்பமாதல் ஒரு விதியாக வந்து சேர்ந்தது. துடைக்கப்படாத மாசு உலகில் பெருகப் பெருக, திரையின் ஓரத்தில் ஒரு சிறு சூரியன் நிறம் மாறும். அந்த எச்சரிக்கையையும் கவனிக்காமல் விட்டால் நிலம் தன் இயல்பை இழக்கும். ஓரிடம் சதுப்பாகும், ஓரிடம் பாலையாகும். பாலை என்பது தனியொரு நிலமாக இல்லாமல் மற்ற நிலங்கள் வெம்மையால் திரிந்து வருவது என்று எண்ணிய மொழியில் பிறந்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருந்திருக்காது. மாசு யாருடையதோ, வாடும் வயல் வேறு யாருடையதோ. ஒரு புகைபோக்கிகூடக் கட்டாத நாட்டின் புல்வெளியும் கருகும்.

ஒன்றில் மட்டும் அந்த விளையாட்டு வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை. அதில் மாசு தொழிற்காலத்தின் பிள்ளை. பழங்காலத்து வாய்க்கால் அங்கே எவ்வளவு ஓடினாலும் நிலத்தைக் கெடுப்பதில்லை. மெய்யான உலகில், விளையாட்டு தொடங்கும் அதே யுகத்தை ஒட்டித் தென் மெசொப்பொத்தாமியாவில் வெட்டப்பட்ட வாய்க்கால்கள் பொன் விளைவித்தன. கூடவே, கண்ணுக்குத் தெரியாமல் உப்பையும் மேலே கொண்டுவந்தன. சுமேரிய வயல்களில் கோதுமை தலைமுறை தலைமுறையாகப் பின்வாங்கி, உப்பைத் தாங்கும் பார்லிக்கு இடம்விட்டது. எந்த ஒரு விதைப்பிலும் அது பேரிடராகத் தெரிந்திருக்காது. சென்ற ஆண்டைவிடச் சற்றே குறைந்த ஒரு மூட்டை, அவ்வளவுதான். பிறகு ரோமின் உலைகள் வெள்ளியை உருக்கின. அவற்றின் ஈயப்புகை வடக்கே போய், இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கிரீன்லாந்தின் பனியடுக்குகளில் உறைந்து கிடந்தது. காசை அச்சிட்ட பேரரசு மறைந்தது. அந்தக் காசின் புகை நம் காலத்து அறிவியலாளரின் கைக்கு வந்து சேர்ந்தது. லண்டனின் நிலக்கரிப் புகையைக் கண்டித்து ஜான் ஈவ்லின் நூல் எழுதியது 1661இல். அதே ஊரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற புகைமூட்டம் கவிந்தது 1952 டிசம்பரில். தூய காற்றுச் சட்டம் வந்தது 1956இல். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள். அதற்கிடையே, கரியமில வாயு இருமடங்கானால் புவி எவ்வளவு சூடாகும் என்று 1896லேயே சுவீடனில் ஒருவர் கணக்குப் போட்டிருந்தார். அர்ரேனியஸ் என்பது அவர் பெயர். அறியாமல் கெட்டோம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை இந்த மரபின் வாரிசுகளான நமக்கு இல்லை.

விளையாட்டும் நம்மோடு சேர்ந்தே மனம் மாறிக்கொண்டு வந்தது. 2005இல் வந்த நான்காம் பதிப்பில் வயலில் விழும் கறை மறைந்து, நகரத்தின் நலக்கேட்டுக் கணக்கில் சேர்ந்தது. 2010இல் வந்த ஐந்தாம் பதிப்பில் தொழிற்சாலை மாசு என்ற ஒன்றே இல்லை. அணுகுண்டின் கதிர்வீச்சு மட்டும் எஞ்சியது. உலகம் அதிகமாகப் புகை கக்கிய ஆண்டுகளில் அதன் நிழலுருவமான விளையாட்டு அதைப் பேசாமல் இருந்தது என்பது இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. பிறகு 2019 பிப்ரவரியில், ஆறாம் பதிப்பின் ‘கேதரிங் ஸ்டார்ம்’ விரிவாக்கத்தில் அது வேறு உருவத்தில் திரும்பியது. எந்த நாடு எவ்வளவு கரியமிலம் கக்கியது என்ற பேரேடு இப்போது விளையாடுபவர் கண்முன் விரிகிறது. பனிப்பாறை உருகுகிறது, கரையோரத் தாழ்நிலங்கள் முதலில் வெள்ளத்தில் தத்தளித்து, பின் மூழ்குகின்றன. கடல்தடுப்புச் சுவர் எழுப்பலாம். ஆனால் கடல் ஏற ஏறச் சுவரின் விலையும் ஏறும். காற்றிலிருந்து கரியமிலத்தை மீட்கும் திட்டமும் உண்டு. அது பேரேட்டில் கடனைக் குறைக்கும். மூழ்கிய கட்டத்தை மீட்டுத் தராது. அந்தக் கட்டத்துக்கு அனுப்பத் துடைக்கும் ஆள் எவரும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்குள் கறை மண்ணிலிருந்து வானத்துக்கு ஏறிவிட்டது; குடியேறியின் கைக்கு அது எட்டவில்லை.

பழைய வடிவத்தில் அந்தக் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. 2012இல் ஒருவர், 1996இல் வந்த இரண்டாம் பதிப்பின் ஒரே ஆட்டத்தைப் பத்தாண்டுகளாகத் தொடர்ந்து ஆடிவருவதாக எழுதியது உலகெங்கும் பேசப்பட்டது. அவருடைய ஆட்டம் கி.பி. 3991ஐ எட்டியிருந்தது. துருவப்பனி இருபது தடவைக்குமேல் உருகி, மலைகள் தவிர மற்ற நிலமெல்லாம் சதுப்பாகிக் கிடந்தது. எஞ்சிய மூன்று வல்லரசுகள் நூற்றாண்டு நூற்றாண்டாகப் போரிட்டுக்கொண்டிருந்தன. பெரிய நகரங்கள் பழங்கதையாகிவிட்டன. சதுப்பை வற்றவைக்கவும் மண்ணைத் துடைக்கவும் வல்ல பொறியாளர்கள், அந்தப் பழைய குடியேறிகளின் வழித்தோன்றல்கள், அவரிடம் அப்போதும் இருந்தார்கள். அவர்கள் போர்முனைக்குப் படை செல்லச் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். போட்ட சாலை அடுத்த முறையே சிதறியது. அவர்கள் மறுபடியும் போட்டார்கள்.