உம்மாவுக்கும் ஒரு பங்கு



சென்ற பெருநாளன்று சஹனைச் சுற்றி அமர்ந்திருந்தோம். என் உம்மா தம் பக்கத்துக் கறித் துண்டுகளைப் பேரப்பிள்ளைகள் பக்கம் தள்ளிவிட்டு, ஆணத்தையும் சோற்றையும் மட்டுமே உண்டார்கள். பாசமென்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மெல்லப் பற்கள் இல்லை. சொல்ல மனமும் இல்லை.

மறுநாளே கோலா உருண்டை ஆணம் சமைத்தேன். இதன் உறவான 'கோஃப்தா'வின் பெயர், இடித்தல் எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தது. பல் செய்ய வேண்டிய வேலையை அம்மியே செய்துவிடுகிறது.

அரைக் கிலோ கொத்துக்கறியைக் கழுவி, நீரை ஒட்டப் பிழியுங்கள். ஈரம் தங்கினால் உருண்டை உடையும். இஞ்சி, பூண்டு, ஒரு பச்சை மிளகாய், கைப்பிடி புதினா, கைப்பிடி மல்லித்தழை, உப்பு சேர்த்து மைய அரையுங்கள். 2 மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு கலந்து, நெல்லிக்காய் அளவில் உருட்டுங்கள்.

பட்டை, ஏலம், வெங்காயம் தாளித்து, மஞ்சள்தூள், மிளகுத்தூள், உப்பு, அரைத்த முந்திரி, தேங்காயின் இரண்டாம் பால் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். தீயைத் தணித்து உருண்டைகளை ஒவ்வொன்றாக இடுங்கள். முதல் 10 நிமிடம் கரண்டி போடலாகாது. சட்டியை மெல்ல அசைத்தால் போதும். உள்வரை வெந்தபின் முதல் பாலை ஊற்றி, கொதி வருமுன் இறக்குங்கள். கொதித்தால் பால் திரிந்துவிடும்.

அன்று உம்மா எதையும் தள்ளி வைக்கவில்லை. "இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார்கள்.

உங்கள் வீட்டுச் சஹனிலும் யார் பக்கத்துக் கறி இடம் மாறுகிறது என்று சற்றுக் கவனியுங்கள்.